ஆடிப்பட்டத்துக்கு முன் ஒரு விதைப் பகிர்வு: மாடித்தோட்டக் குழு நேரில் கூட முழுமையான வழிகாட்டி

மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழு ஒன்றில் நீங்கள் இருந்தால் இது உங்களுக்குப் பழகிய காட்சி. காலையில் ஒருவர் மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்தியைப் படம் எடுத்துப் போடுவார். வேப்பெண்ணெய்க் கரைசல், புளித்த மோர், சோப்புத் தண்ணீர் என்று பத்துப் பேர் மருந்து சொல்வார்கள். மாலையில் இன்னொருவர் முதல் பீர்க்கங்காயைப் போடுவார், கைதட்டல் குவியும். ஆனால் இந்த இருவரும் ஒரே காய்கறிக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒருவர் மொட்டை மாடியில் காய்ந்து தொங்கும் சுரை நெற்று, மூன்று தெரு தள்ளி இருப்பவர் கூரியரில் காசு கொடுத்து வாங்கும் அதே விதையாக இருக்கும்.

அதனால், முதன்முறை நேரில் கூடுவதென்றால் அதை விதைப் பகிர்வாக வையுங்கள் என்பேன். ‘சும்மா சந்திக்கலாமே’ என்று அழைத்தால் பாதிப் பேர் தயங்குவார்கள். யாரையும் தெரியாத இடத்தில் போய் என்ன பேசுவது என்ற கூச்சம் எல்லோருக்கும் உண்டு. கையில் நாலு விதைப் பொட்டலம் இருந்தால் அந்தக் கூச்சம் இல்லை; கொடுக்க ஒன்று இருக்கிறது, கேட்க ஒன்று இருக்கிறது, பேச்சு தானாக வரும். கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள் வெயிலுக்கும் மழைக்கும் தகுந்தபடி நாளையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் குறிப்பது

ஆடிப்பட்டம் என்னும் விதைப்புக் காலம் தொடங்கும் ஆடி மாதம் ஜூலை 17 வாக்கில் பிறக்கிறது. விதை கைக்கு வந்து, தொட்டி மண்ணைக் கிளறி எரு கலந்து ஆற விட இரண்டு வாரமாவது வேண்டும். ஆகவே ஜூன் கடைசி ஞாயிறு அல்லது ஜூலை முதல் ஞாயிறு சரியாக இருக்கும். நாளை முடிவு செய்யும் முன் தினசரி காலண்டரைப் புரட்டிப் பாருங்கள். ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் ஆனியில் முகூர்த்தங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்தால் உங்கள் குழுவில் பாதிப் பேர் மண்டபத்தில் இருப்பார்கள். அமாவாசையும் வேண்டாம், தர்ப்பணம், விரதச் சமையல் என்று காலை நேரம் போய்விடும்.

நேரம் காலை 7 முதல் 9.30 வரை. ஜூன் மாதச் சென்னையில் பத்து மணிக்கு மேல் வெளியில் உட்கார முடியாது. மாலை வைத்தால் திடீர் இடிமழையில் பொட்டலமெல்லாம் நனையும். காலை ஏழு மணி என்றால் வர மாட்டார்கள் என்று யாராவது சொல்வார்கள். தோட்டக்காரர்கள் அந்த நேரத்துக்கு ஏற்கெனவே தண்ணீர் ஊற்றி முடித்திருப்பார்கள், கவலை வேண்டாம்.

இரண்டு ஞாயிறுகளைக் கொடுத்து வாக்கெடுப்பு வையுங்கள், மூன்றாவது வேண்டாம். மூன்று நாலு என்று கொடுத்தால் வாக்குகள் சிதறி எந்த நாளும் தேறாது. இரண்டு நாளில் வாக்கெடுப்பை முடித்து, தேதியை அறிவித்துவிடுங்கள். அதன்பின் யார் கேட்டாலும் மாற்றாதீர்கள்.

இடம்: பூங்காவா, ஒருவர் வீட்டு மாடியா?

முதல் சந்திப்புக்குப் பூங்காதான் நல்லது. பல பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, முகம் தெரியாத ஒருவர் வீட்டுக்குப் போவதைவிடப் பொது இடத்துக்கு வருவது எளிது. வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவதும் எளிது. வீடு கொடுப்பவருக்கும் இருபது பேருக்குக் காபி போட வேண்டிய தலைவலி இல்லை.

மயிலாப்பூர்ப் பக்கம் என்றால் லஸ் சர்ச் சாலை நாகேஸ்வரராவ் பூங்கா, மேற்கே என்றால் அண்ணா நகர் டவர் பூங்கா. டவர் பூங்காவுக்குப் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. உங்கள் பகுதியில் எதுவானாலும் ஒரு வாரம் முன்பு அதே ஞாயிறு காலை ஏழு மணிக்கு நேரில் போய்ப் பாருங்கள். சனிக்கிழமை மாலை பார்ப்பது கணக்கில் வராது. பார்க்க வேண்டியவை: கழிப்பறை திறந்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, நிழல் ஒன்பது மணிக்கும் அங்கேயே இருக்கிறதா, யோகா வகுப்போ சிரிப்புச் சங்கமோ அதே மூலையில் நடக்கிறதா, எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள். நண்பகலில் பூட்டிவிடும் பூங்காக்கள் உண்டு. காவலாளியிடம் “அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை இருபது பேர் வந்து உக்காந்து விதை மாத்திக்கிறோம், விக்கிறதெல்லாம் இல்ல” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குப் பிரச்சினை வராது. பெரிய கூட்டம், மேசை நாற்காலி என்று போனால் மாநகராட்சி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஜமுக்காளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்காக பெஞ்சு இருக்கும் மூலையாகப் பார்த்துப் பிடியுங்கள்.

மாடியில் சந்திப்பது இரண்டாவது, மூன்றாவது முறைக்கு மிகவும் நன்றாக இருக்கும். ஒருவர் பந்தல் கட்டிய விதத்தை, வடிகால் விட்ட விதத்தை நேரில் பார்ப்பதற்கு ஈடே இல்லை. அப்போது பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்க வேண்டும், அடுக்ககம் என்றால் சங்கத்திடம் சொல்லியிருக்க வேண்டும், அன்றைக்குக் காலை தண்ணீர் ஊற்றித் தளம் வழுக்கக் கூடாது.

அழைப்புச் செய்தி

ஒரே செய்தியில் எல்லாம் இருக்கட்டும். துண்டு துண்டாகப் போட்டால் மேலே போய்த் தேட வேண்டும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஜூலை முதல் ஞாயிறு காலை 7 முதல் 9.30 வரை, டவர் பூங்காவில் விதைப் பகிர்வு. குழுவில் உள்ள யார் வேண்டுமானாலும் வரலாம், வீட்டில் உள்ளவர்களையும் குழந்தைகளையும் கூட்டி வரலாம். கட்டணம் இல்லை, விற்பனை இல்லை. விதை இருப்பவர்கள் சிறு பொட்டலமாகப் போட்டுப் பெயர் எழுதி எடுத்து வாருங்கள். விதை இல்லாதவர்கள் வெறுங்கையோடு வாருங்கள், உங்களுக்கும் உண்டு. தண்ணீர் பாட்டிலும் ஒரு டம்ளரும் கொண்டு வாருங்கள். மழை பெய்தால் காலை 6 மணிக்குள் இங்கேயே சொல்வோம்.”

இதில் ‘வெறுங்கையோடு வாருங்கள்’ என்ற வரியை எந்தக் காரணத்துக்காகவும் எடுத்துவிடாதீர்கள். குழுவில் பேசாமல் இருக்கும் பெரும்பாலோர் புதிதாக ஆரம்பித்தவர்கள். ‘நம்மிடம் கொடுக்க ஒன்றுமில்லையே’ என்று அவர்கள்தான் வராமல் நின்றுவிடுவார்கள். அவர்களுக்காகத்தான் இந்தச் சந்திப்பே.

வருகிறேன் என்று சொன்னவர்களில் பாதிப் பேர் வந்தால் நல்ல கூட்டம் என்று எடுத்துக்கொண்டு திட்டமிடுங்கள். ஆறு பேர் வந்தாலும் நடத்துங்கள்; ஆறு பேர் கூடினால்தான் எல்லோரும் எல்லோரிடமும் பேச முடியும். பொறுப்புக்கு மூன்று பேர் போதும்: ஒருவர் இடமும் ஜமுக்காளமும், ஒருவர் விதை மேற்பார்வை, ஒருவர் வாசலில் நின்று வருகிறவர்களை அழைத்து வருவது. இந்த மூன்றாவது ஆள் முக்கியம். பூங்காவுக்குள் வந்து, எந்தக் கும்பல் என்று தெரியாமல், போன் செய்யத் தயங்கி ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் நிஜமாகவே இருக்கிறார்கள். வாசலில் கையில் ஒரு தொட்டிச் செடியோடு நில்லுங்கள், அதுவே அடையாளம்.

விதையைத் தயார் செய்வது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். நன்றாக முளைக்காத விதை கைமாறினால் அடுத்த முறை நம்பி யாரும் வாங்க மாட்டார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பே குழுவில் முளைப்புச் சோதனை பற்றிச் சொல்லிவிடுங்கள். பத்து விதையை எண்ணி ஈரத் துணியில் சுருட்டி ஒரு டப்பாவில் மூடி வைக்க வேண்டும். துணி காயாமல் தண்ணீர் தெளித்தால் போதும். அவரை, காராமணி நாலைந்து நாளில் தெரிந்துவிடும். சுரை, பீர்க்கு ஒரு வாரம். மிளகாயும் கத்தரியும் இரண்டு வாரம் வரை இழுக்கும், அவசரப்பட்டுத் தூக்கி எறிய வேண்டாம். ஏழுக்கு மேல் முளைத்தால் தாராளமாகக் கொடுக்கலாம். நாலைந்துதான் என்றால் பொட்டலத்தில் இரு மடங்கு போட்டு, அதை மேலேயே எழுதிவிடலாம். மூன்றுக்குக் கீழே என்றால் கொண்டு வர வேண்டாம். வெங்காய விதை ஓராண்டு தாண்டினாலே முளைப்பு விழுந்துவிடும். தக்காளி, கத்தரி, சுரை வகைகள் சரியாகக் காய வைத்திருந்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும்.

காய வைப்பது நிழலில். தக்காளி விதையைச் சாறோடு இரண்டு நாள் புளிக்க விட்டுக் கழுவினால் மேலே இருக்கும் வழவழப்பு போய்விடும். கத்தரி விதையைச் சாம்பலில் புரட்டி வைப்பது நம் வீட்டுப் பெரியவர்கள் செய்து வந்தது. ஈரத்தை இழுத்துக்கொள்ளும், வண்டும் அண்டாது. அவரை விதை காய்ந்ததா என்று பார்க்கக் கடித்துப் பாருங்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் உள்ள விதையை பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பழைய செய்தித்தாளை மடித்த பொட்டலமோ கோயில் விபூதிக் கவர் அளவுள்ள காகித உறையோ போதும்.

எந்த விதையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும். கடையில் வாங்கிய பாக்கெட்டில் ‘எஃப்1’ என்றோ வீரிய ஒட்டு ரகம் என்றோ இருந்து, அதில் விளைந்த காயிலிருந்து விதை எடுத்திருந்தால், அடுத்த தலைமுறை அதே மாதிரி வராது. அதைப் பகிர வேண்டாம். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறிய விதைகள் பூஞ்சைக்கொல்லி பூசியவை. குழந்தைகள் கை வைக்கும் ஜமுக்காளத்தில் அவற்றுக்கு இடமில்லை.

தக்காளி, கொத்தவரை, காராமணி பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை. பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் பெரிதாகக் கலக்காது. மிளகாயும் வெண்டையும் தேனீ புண்ணியத்தில் கலக்கும். சுரை, பீர்க்கு, பாகல், பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீயோ அந்துப்பூச்சியோ எந்த மாடியிலிருந்து மகரந்தம் கொண்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. குண்டுச் சுரையும் நீட்டுச் சுரையும் ஒன்றாக வைத்திருந்தவர் விதை எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று வரலாம். ரகம் மாறாமல் வேண்டும் என்றால் சுரையின் பெண் மொட்டை மாலைக்கு முன் நூலால் கட்டி, அந்தியில் அது விரியும்போது அதே கொடியின் ஆண் பூவைத் தடவி, மறுபடி கட்டிவிட வேண்டும். இதைச் செய்தவர் பொட்டலத்தில் ‘கைமகரந்தம்’ என்று எழுதினால் அந்தப் பொட்டலத்துக்குத் தனி மதிப்பு.

சுரையில் இன்னொன்றும் உண்டு, இதைச் சந்திப்பிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கசந்த காயிலிருந்தோ, கசந்த காய் காய்த்த கொடியிலிருந்தோ விதை எடுக்கக் கூடாது. சுரைக்காயின் கசப்பு நச்சு. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். விதை கைமாறும் இடத்தில் இதில் விளையாட்டு கூடாது.

பொட்டலத்தின் மேல் எழுத வேண்டியது ஆறு விஷயம்: காயின் பெயர், தெரிந்தால் ரகம், விதை எங்கிருந்து வந்தது, எடுத்த மாதமும் ஆண்டும், பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் இருந்ததா, கொடுப்பவர் பெயர். உதாரணத்துக்கு: “மிதி பாகல். திண்டிவனம் பெரியம்மா தோட்டத்து விதை. பங்குனியில் எடுத்தது. வேறு பாகல் இல்லை. கலா.” இவ்வளவுதான். ரகத்துக்கே உரிய குணம் ஏதும் இருந்தால் ஒரு வரி சேருங்கள். சிறகு அவரை பகல் குறுகிய பிறகுதான் பூக்கும்; இது தெரியாத புதியவர் கார்த்திகை வரை பொறுமையின்றிக் கொடியைப் பிடுங்கிவிடுவார். வேலூர் முள்ளுக் கத்தரி, இராமநாதபுரம் முண்டு மிளகாய் போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றை அந்த ஊர்க்காரரிடமிருந்து வாங்கி வந்திருந்தால் அதையும் எழுதுங்கள், கேட்டு வாங்குவார்கள்.

அளவு: சுரை, பீர்க்கு, புடலை ஐந்தாறு விதை, அவரை, வெண்டை பத்து, தக்காளி, கத்தரி, மிளகாய் இருபது முப்பது, கீரை ஒரு சிறு கரண்டி. மாடியில் பத்துத் தொட்டி வைத்திருப்பவருக்கு இதுவே அதிகம்.

அன்று காலை

பொறுப்பாளர்கள் 6.30க்கு இடத்தில். ஜமுக்காளத்தை விரித்து, அட்டையில் எழுதி வரிசையாக வையுங்கள்: கொடிக்காய்கள், அவரை வகை, கத்தரி தக்காளி மிளகாய், கீரை, பூ மூலிகை. காற்று அடிக்கும், கூழாங்கல் நாலைந்து எடுத்து வாருங்கள். வருகிறவர்கள் தங்கள் பொட்டலத்தைத் தாங்களே அந்தந்த இடத்தில் வைக்கட்டும். அப்போதே குனிந்து அடுத்தவர் பொட்டலத்தைப் படிப்பார்கள். “அக்கா, நீங்கதான மூக்குத்தி அவரை போட்டோ போட்டது? பந்தல் எதுல கட்டுனீங்க?” என்று ஒரு பையன் கேட்க, “அது பழைய கேபிள் வயருப்பா, கொசு வலை கட்டுற கம்பியில மாட்டினேன்” என்று அந்த அம்மா சொல்ல, பக்கத்தில் நிற்கிற இருவர் காது கொடுக்க, சந்திப்பு ஆரம்பித்துவிட்டது.

சட்டையில் ஒட்டும் பெயர்ச் சீட்டில் குழுவில் தெரியும் பெயரையும் ஊர்ப்பகுதியையும் எழுதச் சொல்லுங்கள். ‘ரோஸ் கார்டன்’ என்ற பெயரில் இரண்டு ஆண்டாகப் பதில் சொல்லி வந்தவர் ஓய்வுபெற்ற தலைமைக் காவலர் என்பது அங்கேதான் தெரியவரும். ஏழரை மணிக்கு வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம்: பெயர், பகுதி, இப்போது நன்றாக வந்திருக்கும் ஒரு செடி, எவ்வளவு முயன்றும் வராத ஒரு செடி. கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒருவர் “எனக்குக் கொத்தமல்லி வரவே மாட்டேங்குது” என்றதும் நாலு பேர் அவர் பக்கம் திரும்புவார்கள்.

எடுக்கும் முறைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். முதல் சுற்றில் ஆளுக்கு மூன்று பொட்டலம், புதியவர்கள் முதலில். எல்லோரும் எடுத்த பிறகு மீதியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். முதல் சுற்று இல்லாவிட்டால் அனுபவசாலிகள் அரிதானதையெல்லாம் முதல் ஐந்து நிமிடத்தில் அள்ளிவிடுவார்கள். ஆசையில் செய்வதுதான், ஆனாலும் புதியவர் வெறும் வெண்டையோடு வீடு போவார். எடுத்ததை ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வரவேற்புரை, நன்றியுரை, பேனர், மைக் எதுவும் வேண்டாம். யாராவது நல்ல மனதோடு “தோட்டக்கலை அதிகாரி ஒருத்தரைத் தெரியும், கூப்பிடலாமா?” என்று கேட்பார்கள். அவர் வரட்டும், ஜமுக்காளத்தில் எல்லோரோடும் உட்காரட்டும். ஒருவர் நின்று பேசத் தொடங்கிவிட்டால் மற்ற இருபது பேரும் பார்வையாளர்களாகிவிடுவார்கள். வந்த காரியம் அதுவல்ல. நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக் இல்லாமலே கச்சேரி நடந்திருக்கிறது, இருபது பேர் பேசிக்கொள்ள மைக் எதற்கு?

சாப்பாடும் செலவும்

ஒரு பெரிய பிளாஸ்க் காபி, ஒரு குடம் நீர்மோர், யாராவது ஒருவர் வீட்டுச் சுண்டல். போதும். எல்லோரும் ஏதாவது செய்து கொண்டு வரலாம் என்றால் பெண்கள் காலை நாலு மணிக்கு எழுந்து சமைக்க வேண்டியிருக்கும், அதனால் அதைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஆன செலவை அங்கேயே கணக்குச் சொல்லிப் பிரித்துவிடுங்கள். நீர்மோருக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மாடியில் பறித்ததாக இருந்தால் அதைப் பற்றியே கால் மணி நேரம் பேச்சு ஓடும்.

செடி, போத்து, மண்

விதையோடு முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை), வெற்றிலைக் கொடி, கற்பூரவல்லிக் கிளை என்று கொண்டு வருவார்கள். தடுக்க வேண்டாம், ஆனால் தனி இடத்தில் வைத்து, இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்க்காமல் யாரும் எடுக்கக் கூடாது. 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று மாநிலம் முழுக்கப் பரவி, 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. ஒரு செம்பருத்திக் கிளையில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று தெரிந்தால் அது இருபது மாடிக்குப் போகும் வழி. வீட்டுக்குக் கொண்டு போன செடியை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்து, பிறகு தோட்டத்தில் சேருங்கள். பழைய தொட்டி மண்ணை மட்டும் யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டாம். வேர்முடிச்சு நூற்புழு கண்ணுக்குத் தெரியாமல் மண்ணோடு வரும், வந்தால் தக்காளியும் வெண்டையும் வருடக்கணக்கில் சோர்ந்து நிற்கும்.

படம், போன் எண், விற்பனை

குழுப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். விரும்பாதவர் நகர்ந்து நிற்க நேரம் கொடுங்கள். வெளியே எங்கும் போடுவதென்றால் தனியாகக் கேளுங்கள். சந்திப்பில் பார்த்த பெண்களுக்குத் தனிச் செய்தி அனுப்பி ‘குட் மார்னிங்’ போடுவதற்கு இது இடமல்ல என்று குழு நிர்வாகி முன்பே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஒருவர் மீறினாலும் அன்றே நீக்கிவிட வேண்டும். பை, எரு, பஞ்சகவ்யம் விற்பவர்கள் உறுப்பினராக இருந்தால் அவர்களும் அன்று வெறும் தோட்டக்காரராக வரட்டும். விற்பனைக்கு வேறொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

முடிந்த பிறகு

ஜமுக்காளம் மடிக்கும்போது குப்பையைப் பொறுக்கி, காவலாளிக்கு மோர் கொடுத்து நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மிச்சப் பொட்டலங்கள் ஒரு கண்ணாடி ஜாடியில், பொறுப்பான ஒருவர் வீட்டில். தை வரை யாருக்குத் தேவையோ போய் வாங்கிக்கொள்ளலாம். அன்று மாலையே நோட்டில் குறித்த பட்டியலைக் குழுவில் போடுங்கள்: யார் விதை யாரிடம் போயிருக்கிறது என்று. வராதவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் “அடுத்தது எப்போ?” என்று கேட்பார்கள்.

ஆடிப்பெருக்கு வாக்கில் முளைவிட்ட படங்களைக் கேளுங்கள். முளைக்கவில்லை என்றால் குழுவில் போடும் முன் கொடுத்தவரிடம் தனியாகச் சொல்லிவிடுவது மரியாதை. தண்ணீர் அதிகமாகியிருக்கலாம், ஆழமாக ஊன்றியிருக்கலாம். பாதி நேரம் அவரே இன்னொரு பொட்டலம் தருவார். விதை வாங்கிய ஒவ்வொருவரும் கொடியின் முதல் நல்ல காயைப் பறிக்காமல் முற்றவிட்டு, அதிலிருந்து இரண்டு பொட்டலம் தைக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தை முதல் ஞாயிறுகளில் பொங்கல் விடுமுறையில் பலர் ஊரில் இருப்பார்கள், ஆகவே அடுத்த சந்திப்பை ஜனவரி கடைசி ஞாயிறுக்கு இப்போதே குறித்து வைக்கலாம். அதற்குள் யார் மாடிக்குப் போவது என்பதும் முடிவாகியிருக்கும்.